தொங்கும் சாஃப்ட் டாப் லைனிங்குக்கு 3எம் 38808: எங்கே அடிக்கலாம், எங்கே அடிக்கவே கூடாது

சாஃப்ட் டாப் கன்வெர்டிபிளின், அதாவது மடித்துத் திறக்கும் துணிக்கூரை கொண்ட காரின், உள்கூரைத் துணி தலைமுடியில் உரச ஆரம்பித்ததும் கை முதலில் தேடுவது ஒரு ஸ்ப்ரே பசை கேனைத்தான். அப்படித் தேடுகிறவர்கள் கண்ணில் சீக்கிரமே படுவது 3எம் நிறுவனத்தின் ஹெட்லைனர் அண்ட் ஃபேப்ரிக் அட்ஹெசிவ், பார்ட் எண் 38808. 18.1 அவுன்ஸ் கேன், அதாவது 513 கிராம். கார் உள்கூரைக்கென்றே செய்த பசை, நல்ல பசையும்கூட. ஆனால் சாஃப்ட் டாப்பில் இதை அடிக்கத் தகுந்த இடம் பெரும்பாலான வண்டிகளில் மொத்தக் கூரையில் கால்வாசிதான் இருக்கும். மீதி முக்கால்வாசியில் அடித்தால் துணி கெடும். வெளிக்கூரையும் சேர்ந்து கெடலாம். கேன் நல்லதா கெட்டதா என்பதைவிட, உங்கள் கூரையில் தொங்குவது எந்த இடம் என்பதே முதல் கேள்வி.

சாதாரண காரில் கூரைக்கு அடியில் இருப்பது அச்சில் வார்த்த ஒரே அட்டை. அதன்மேல் 3 மி.மீ. ஃபோம் பிடித்த பின்னல் துணி. ஃபோம் செத்தால் துணி இறங்கும். அட்டையைக் கழற்றி, சுரண்டி, புதுத் துணி ஒட்டினால் வேலை முடிந்தது. 38808 பிறந்ததே அந்த வேலைக்கு.

சாஃப்ட் டாப்பில் அந்த அட்டை கிடையாது. வெளியிலிருந்து உள்ளே வந்தால் முதலில் வெளித்துணி. ஹார்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டேஃபாஸ்ட் போன்ற துணியே மூன்று அடுக்கு: மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் ரப்பர், அடியில் பருத்தி-பாலியெஸ்டர். அதற்குக் கீழே இரு பக்கமும் நீளவாக்கில் ஃபோம் வைத்துத் தைத்த மெத்தைகள். பிறகு குறுக்குச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் நாடாப் பட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், நம் தலைக்கு நேர் மேலே, லைனிங் துணி. எல்லா வண்டியிலும் இது இருக்காது. 1989-ல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் லைனிங்கே இல்லை; நிமிர்ந்து பார்த்தால் சட்டம் தெரியும். ஜெர்மன் பாடி கட்டும் நிறுவனமான கார்மன் கட்டிய முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலேயிலும் (கேப்ரியோலே என்பதும் கன்வெர்டிபிள்தான்) 1986-ல் வந்த சாப் 900 கன்வெர்டிபிளிலும் முழு லைனிங் உண்டு. போர்ஷே 911-இன் 991 தலைமுறை கேப்ரியோலேயில் கூரை உப்பாமல் இருக்க அகலமான மெக்னீசியம் பலகைகளே குறுக்குச் சட்டங்களின் வேலையைச் செய்கின்றன. வண்டிக்கு வண்டி அமைப்பு இவ்வளவு மாறும்போது "ஹெட்லைனர் (உள்கூரைத் துணி) தொங்குகிறது, எந்த ஸ்ப்ரே நல்லது?" என்ற கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாது.

முதலில் எது விட்டுப்போனது என்று பாருங்கள்

கூரையை மூடி, உள்ளே உட்கார்ந்து, தொங்கும் இடத்தை உள்ளங்கையால் மெதுவாக மேலே தள்ளிப் பாருங்கள். நறநறவென்ற உணர்வும், துணியின் ஓரத்திலிருந்து ஆரஞ்சு-பழுப்பு நிறத் தூளும் வந்தால் ஃபோம் செத்துவிட்டது. இது பெரும்பாலும் விண்ட்ஷீல்டுக்கு மேலே உள்ள முன் சட்டத்தின் கடினப் பலகையில் நடக்கும். பலகைச் சட்டம் வைத்த கூரைகளில் அந்தப் பலகைகளிலும் நடக்கும். 38808-க்கு வேலை இங்கேதான்.

தூள் எதுவும் இல்லை, துணி சுத்தமாக இருக்கிறது, ஆனால் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தொட்டில் மாதிரி குறுக்காக இறங்கியிருக்கிறது என்றால் பசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லைனிங்கின் முதுகுப் பக்கம் குறுக்காக ஒரு நாடாவை மடித்துத் தைத்து அதற்குள் கம்பியோ பிளாஸ்டிக் பட்டையோ செருகியிருப்பார்கள். அது சட்டத்தில் கிளிப்பாலோ திருகாலோ நிற்கும், சில வண்டிகளில் சட்டத்தின் பள்ளத்துக்குள் நழுவி நிற்கும். தையல் விட்டுப்போயிருக்கும், அல்லது பட்டை பள்ளத்திலிருந்து கழன்றிருக்கும். இதற்கு வேண்டியது ஊசி, நூல், கிளிப்.

கதவுக் கண்ணாடிக்கு மேலே, பக்க ஓரத்தில் துணி தளர்ந்து, கூரை மடியும்போது கீல்களுக்குள் சிக்குகிறதா? அங்கே உள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டை இருக்கும். மடியும் நேரத்தில் துணியை உள்பக்கம் இழுத்துக் கீலிலிருந்து காப்பாற்றுவது அதன் வேலை. வெயிலிலும் வயதிலும் அது இழுவையை இழந்துவிடும். கவனிக்காமல் விட்டால் லைனிங் கிழியும். அதன்பின் சின்னப் பழுது பெரிய செலவாகிவிடும். பட்டன் அழுத்தினால் மடியும் கூரைகளில் இது இன்னும் மோசம். மோட்டாருக்குத் துணி சிக்கியது தெரியாது, இழுத்துக்கொண்டே போகும்.

பின் கண்ணாடியைச் சுற்றியும் முன் சட்டத்தின் விளிம்பிலும் துணி மட்டும் நாக்கு மாதிரி பிரிந்து தொங்கினால், அது விளிம்புப் பசை விட்டது. இதற்கும் 38808 சரியில்லை. காரணம் கீழே வருகிறது.

ஃபோம் ஏன் தூளாகிறது

பசை காய்ந்து விட்டுவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பலகையைச் சுரண்டிப் பார்த்தால் பழைய பசை அங்கேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். செத்தது நடுவில் உள்ள பாலியூரித்தேன் ஃபோம். பாலியெஸ்டர் வகை ஃபோமை ஈரப்பதம் உடைக்கும். பாலியீத்தர் வகையை வெளிச்சமும் சூடும் காற்றும் சேர்ந்து உடைக்கும். நிறுத்தி வைத்த வண்டியின் கறுப்புக் கூரைத்துணி உச்சி வெயிலில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூடு இறங்கும் வழியில்தான் லைனிங் இருக்கிறது.

ஆகவே பழைய ஃபோமின் மேல் புதுப் பசை அடிப்பது வீண். மாவு தூவிய பலகையில் சப்பாத்தி ஒட்டாது; அதே கதைதான். துணிக்கு வெளியிலிருந்து ஊசி வழியாகப் பசை செலுத்தும் வித்தையும் இதனால்தான் இரண்டு வெயிலில் தோற்கிறது. போதாக்குறைக்கு, பசை துணி வழியே கசிந்து நெற்றிப் பொட்டு மாதிரி கறை விட்டுவிடும். அந்தக் கறை எதற்கும் போகாது.

முன் பலகையை ஒட்டும் முறை

ஹைட்ராலிக் கூரையாக இருந்தால் முன் சட்டத்தை அரைகுறையாகத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும். சில வண்டிகளில் அப்படி நிறுத்திய சில நிமிடங்களில் அழுத்தம் தானாக இறங்கி, கூரையும் இறங்கிவிடும். தலையையோ கையையோ உள்ளே விடுவதற்கு முன் சட்டத்துக்கு அடியில் இரு பக்கமும் மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். இதில் சமரசமே கூடாது. வேலை முழுக்கச் சாவி வெளியே இருக்கட்டும்.

சன் வைசர், தாழ்ப்பாள் கைப்பிடி, விளிம்பு டிரிம், முன்பக்க ரப்பர் பீடிங் ஆகியவற்றைக் கழற்றுங்கள். பீடிங்கைப் பிடிக்கும் உலோகப் பட்டையின் துளைகள் பல வண்டிகளில் நீள்வட்டமாக இருக்கும். கண்ணாடி சரியாக உட்காருவதற்கான சரிப்படுத்தல் அது. கழற்றும் முன் திருகின் தலையைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் துணி சரியாகும், கதவு வழியே மழைத்தண்ணீர் வரும்.

பழைய துணியைக் கிழித்து எறியாமல் பொறுமையாக உரித்தெடுங்கள். அதுதான் உங்கள் அளவுத் துணி. உரிப்பதற்கு முன் பலகையின் நடுக்கோட்டைத் துணியிலும் சட்டத்திலும் மாஸ்கிங் டேப்பில் குறித்துவிடுங்கள்.

சுரண்டுவதற்கு விறைப்பான நைலான் பிரஷ் போதும். கம்பி பிரஷ் பிளாஸ்டிக் பலகையில் பள்ளம் போடும், அந்தப் பள்ளம் புதுத் துணியிலும் தெரியும். சுரண்டிய தூளை வாக்குவம் கிளீனரால் இழுத்துவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து அரை மணி நேரம் ஆற விடுங்கள். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறம் வந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். ஒட்டுவதைவிட இந்தச் சுத்தம்தான் அதிக நேரம் தின்னும். ஒட்டியது விட்டுப்போகும் வண்டிகளில் பெரும்பாலும் அவசரப்பட்டிருப்பது இங்கேதான்.

துணி தேர்வில் ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் ஹெட்லைனர் துணி பெரும்பாலும் 3 மி.மீ. அல்லது 5 மி.மீ. ஃபோமோடு, 150 செ.மீ. அகலத்தில் வரும். கையால் அழுத்தினால் 5 மி.மீ. பஞ்சுபோல இருக்கும், எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். சாஃப்ட் டாப்புக்கு வேண்டாம். மடிந்த கூரை அடுக்கின் உயரத்தை அது ஏற்றிவிடும். மூடி சரியாக அமராது, தாழ்ப்பாள் கடினமாகும், சில வண்டிகளில் "கூரை பூட்டியாயிற்று" என்று சொல்லும் சுவிட்சே அழுந்தாது. பலகைக்கு 3 மி.மீ. போதும். ஒரு முன் பலகைக்கு முக்கால் மீட்டர் வாங்கினால் ஓரம் மடிக்கவும் மிச்சம் இருக்கும்.

அடிப்பதற்கு முன் சீட், டேஷ்போர்டு, கண்ணாடி எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்ப்ரே பசையின் மெல்லிய துகள் காற்றில் மிதந்து எங்கெங்கோ இறங்கும். பின் ஜன்னல் பிளாஸ்டிக் ஷீட்டாக இருந்தால் இரட்டைக் கவனம்: பசையிலுள்ள கரைப்பான் பட்டால் அது மங்கிவிடும், எந்தப் பாலிஷும் திரும்பத் தெளிவாக்காது. பலகை கழன்று வரும் வகையாக இருந்தால் வெளியே எடுத்து வைத்து ஒட்டுவதே நல்லது. இந்தக் கரைப்பான் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மூடிய கராஜில், பைலட் சுடர் எரியும் கீசர் பக்கத்தில் இந்த வேலை கூடாது. கரி வடிகட்டி வைத்த மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், துணி மாஸ்க் எதையும் தடுக்காது.

இனி அடிக்கும் முறை. கேனை 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். பலகையில் ஒரு கை, அதாவது ஒரு பூச்சு, நீளவாக்கில், அது இறுகியபின் ஒரு கை குறுக்குவாக்கில். துணியின் ஃபோம் பக்கம் லேசாக ஒரு கை. ஃபோம் நனையக் கூடாது, மேலே வலை பின்னியதுபோல் நிற்க வேண்டும். ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். விரல் முட்டியால் தொட்டால் பிசுக்கென்று பிடிக்க வேண்டும், நூல் இழுக்கக் கூடாது. நூல் இழுத்தால் இன்னும் ஈரம். பிடிக்கவே இல்லை என்றால் நேரம் தாண்டிவிட்டது, இன்னொரு மெல்லிய கை அடித்தாக வேண்டும்.

துணியை முழுசாக விரித்து ஒரே அடியாகப் போடாதீர்கள். நடுக்கோட்டைப் பொருத்தி, ஒரு பாதியை மடித்து வைத்து, மறு பாதியை மட்டும் முதலில் ஒட்டுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். கட்டை, ஸ்கேல், ரோலர் எதுவும் வேண்டாம். ஃபோம் நசுங்கிய இடம் நிரந்தரத் தழும்பாக நிற்கும். பள்ளமான இடம் வந்தால் துணியைத் தளர்வாக விட்டு, முதலில் பள்ளத்துக்குள் விரலால் அமர்த்தி, பிறகு மேடுகளுக்குப் போங்கள். பள்ளத்தின் மேல் மேளத்தோல் மாதிரி இழுத்து ஒட்டினால் அன்றைக்கு அழகாக இருக்கும். முதல் நல்ல வெயிலில் பள்ளம் காற்றுப்பையாகிவிடும்.

சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த பசைமேல் கண்ணுக்குத் தெரியாத பனிநீர் படியும். பசை வெள்ளையாக மங்கினால் அதுதான் அறிகுறி. அதன்மேல் ஒட்டினால் பிடிக்காது. மழை நாளிலும் விடியற்காலையிலும் செய்ய வேண்டாம். காலை பத்து மணிக்கு மேல், நிழலில், காற்றோட்டத்தில் செய்யுங்கள். நேர் வெயிலும் ஆகாது. மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே கரைப்பான் சிக்கி, பின்னால் குமிழாக எழும்.

38808 கேனைப் பற்றி

இந்த வேலையில் கேன் தன் பங்கைச் சரியாகச் செய்கிறது. பொதுவேலை ஸ்ப்ரேக்களோடு ஒப்பிட்டால் ஃபோமுக்குள் குறைவாகத்தான் ஊறுகிறது. அதனால் துணியின் முகத்தில் கறை எழும் ஆபத்தும் குறைவு. அரைச் சதுர மீட்டர் பலகைக்கு, இரண்டு பரப்பிலும் அடித்தும், கேனில் மிச்சம் இருக்கும்.

குறை என்று சொன்னால் முனைதான். ஒவ்வொரு கை அடித்ததும் முனையைத் துடைக்காவிட்டால் பசை கட்டி, அடுத்த அழுத்தலில் துளியாகத் துப்பும். அந்தத் துளி ஃபோமுக்குள் இறங்கினால் முகத்தில் பொட்டு. பக்கத்தில் ஒரு பழைய அட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீச்சையும் அட்டையில் தொடங்கி, பலகையைக் கடந்து, அட்டையில் முடியுங்கள். கேனின் கடைசிப் பகுதியில் அழுத்தம் குறைந்து துப்பல் அதிகமாகும். அந்த மிச்சத்தைத் துணியில் அடிக்காமல் வேறு வேலைக்கு வைத்துக்கொள்வது நல்லது. முடிந்தபின் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் காற்று வரும்வரை அழுத்தினால் முனை அடைக்காது.

இன்னொரு குறை, இழுவையைத் தாங்காதது. இது பரந்த பரப்பில் லேசான துணியைத் தாங்கப் பிறந்த பசை. விளிம்பைச் சுற்றி மடித்து இழுத்து ஒட்டும் இடத்தில், அதுவும் ரெக்ஸின் போன்ற கனமான பொருளில், சூடு ஏறியதும் மெல்ல வழுக்கிவிடும். முன் சட்ட விளிம்புக்கும் பின் கண்ணாடி ஓரத்துக்கும் இதை நம்ப வேண்டாம்.

மடியும் பகுதியில் ஏன் அடிக்கக் கூடாது

சட்டங்களுக்கு நடுவே லைனிங் எதிலும் ஒட்டாமல் தொங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. கூரை மடியும்போது வெளித்துணி ஒரு பக்கம் மடங்கும், லைனிங் வேறு பக்கம் மடங்கும். இரண்டும் ஒன்றையொன்று உரசி நழுவ வேண்டும். நடுவே பசை அடித்தால் லைனிங் மெத்தையோடும், மெத்தை இல்லாத இடத்தில் வெளித்துணியின் அடிப்பக்கத்தோடும் ஒட்டும். அடுத்த முறை கூரை திறக்கும்போது ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கும். கரைப்பான் மெத்தையின் ஃபோமில் இறங்கினால் மெத்தை அமுங்கி, வெளியிலிருந்து பார்த்தால் கூரையில் விலா எலும்பு தெரியும். வெளித்துணியின் ரப்பர் அடுக்குக்கும் கரைப்பான் எதிரி. ஒரு கேன் பசையால் முழுக் கூரையையும் மாற்ற வேண்டிய நிலைக்கு வண்டியைக் கொண்டுபோகும் வழி இது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

சுருள் ஊசி என்று விற்கும் திருகுப் பின்களும் இதே காரணத்தால் வேண்டாம். கெட்டி அட்டை உள்ள சாதாரண காரில் புது லைனிங் போடும்வரை சமாளிக்க அவை உதவும். சாஃப்ட் டாப்பில் திருகிப் பிடிக்க அட்டை எங்கே இருக்கிறது? மெத்தையில் குத்தும், நீளம் கூடினால் வெளித்துணியையே துளைத்து மழைத்தண்ணீருக்கு வழி விடும். மடித்த கூரையில் பின்னின் தலை அடுத்த மடிப்பை அழுத்தும். அங்கே பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தால் அதில் வடு விழும்.

விளிம்புக்கு எந்தப் பசை

விளிம்பில் பிரஷ்ஷால் பூசும் கான்டாக்ட் பசைதான் (இரு பரப்பிலும் பூசி, காய விட்டு, அழுத்தி ஒட்டும் வகை) நிற்கும். அமெரிக்காவில் குஷன் வேலைக்காரர்கள் அதிகம் நம்புவது டாப் (DAP) நிறுவனத்தின் வெல்ட்வுட் லாண்டோ டாப் அண்ட் டிரிம். பெயரிலேயே இருப்பதுபோல் ரெக்ஸின் கூரை ஒட்டச் செய்த, சூடு தாங்கும் பசை. ஸ்ப்ரே கன் வைத்திருப்பவர்கள் பலகைக்கும் இதையே அடிக்கிறார்கள். கன் இருந்தால் 38808-ஐவிட இதற்கே எங்கள் ஓட்டு. கன் இல்லாதவர் ஒரு பலகைக்காக கம்ப்ரஸர் வாங்குவதில் பொருளில்லை.

இந்தியாவில் இருப்பவர்களுக்குக் கைக்கு எட்டுவது ஃபெவிகால் எஸ்ஆர் 998. ரெக்ஸினும் ஃபோமும் ஒட்ட குஷன் கடைகளில் புழங்கும் செயற்கை ரப்பர் பசை அது. விளிம்பில் 2 செ.மீ. பட்டையாக இரு பக்கமும் மெல்லிசாகப் பூசி, கையில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தினால் நன்றாகப் பிடிக்கும். வைத்துப் பார்த்து நகர்த்தும் வசதி கிடையாது. பட்டதும் பிடித்துக்கொள்ளும், எனவே குறி வைத்து வைக்க வேண்டும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் என்பதால் வெளிர் சாம்பல் லைனிங்கில் மெல்லிய துணிக்கு அடியில் பூசினால் நிறம் தெரியும். மடிந்து மறையும் ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன் சட்ட விளிம்பும் பின் ஓரமும் சேர்த்து 200 மி.லி. போதும்.

3எம்மின் சூப்பர் டிரிம் அட்ஹெசிவ் 08090, கன் இல்லாதவருக்கு இடைப்பட்ட வழி. பிடி 38808-ஐவிடக் கடுமை. ஆனால் தடிமனான வலையாக விழுவதால் மெல்லிய துணியில் புடைப்பாகத் தெரியலாம். மாஸ்கிங் டேப்பால் எல்லை கட்டி விளிம்பில் மட்டும் அடிக்கலாம். அதே நிறுவனத்தின் சூப்பர் 77 கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். காகிதம், அட்டை, கைவினை வேலைக்கு அருமையான பசை. கார் கூரையின் சூட்டுக்கு அது இளகிவிடும்.

ஊசியும் எலாஸ்டிக்கும்

குறுக்கு நாடாவின் தையல் விட்டிருந்தால் பாண்டட் பாலியெஸ்டர் நூல் (இழைகள் பிரியாமல் பூச்சு பூசிய நூல்) வாங்குங்கள். வி-69 என்ற தடிமன் லைனிங்குக்குப் பொருத்தம். சாதாரணத் தையல் நூல் வேண்டாம், நைலானும் வெயிலுக்குப் பாலியெஸ்டர் அளவு தாங்காது. வளைந்த குஷன் ஊசியால், பழைய துளைகள் வழியாகவே தையுங்கள். புதுத் துளை போட்டால் துணி அங்கே பலவீனப்படும், வரிசையும் கோணலாகும். உள்ளே செருகிய கம்பிகளைக் கழற்றுவதாக இருந்தால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி, வலது பக்கம் எது என்றும் குறியுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், நீளமும் வளைவும் வேறு. மாற்றிப் போட்டால் துணி ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் சுருங்கும்.

எலாஸ்டிக்கில் பலர் செய்யும் தவறு, பழைய பட்டையை அளந்து அதே நீளத்தில் வெட்டுவது. பழையது நீண்டு போனதால்தானே மாற்றுகிறோம்? அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைத்து வெட்டி, முதலில் ஊக்கு குத்திப் பாருங்கள். கூரை மூடியிருக்கும்போது லேசான இழுவை இருக்க வேண்டும். பிறகு கையால் மெதுவாகக் கூரையை மடித்து, துணி கீலைத் தொடாமல் உள்ளே போகிறதா என்று இரு பக்கமும் கவனித்தபின் தையுங்கள். இழுவை அதிகமானால் மூடியிருக்கும்போது ஓரத்தில் சுருக்கம் விழும். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நல்லது, இரண்டின் வயதும் ஒன்றுதானே.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

லைனிங் பெரிதாகக் கிழிந்திருந்தாலோ, மடிப்புக் கோடுகளில் துணி இற்றுப்போயிருந்தாலோ பசையும் ஊசியும் உதவாது, முழு லைனிங்கும் மாற வேண்டும். அமெரிக்காவில் ராபின்ஸ், ஜி.ஏ.எச்.எச். போன்ற மென்கூரை தயாரிப்பாளர்கள் சில மாடல்களுக்குத் தைத்த லைனிங்கையே விற்கிறார்கள். வாங்குமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: பல வண்டிகளில் வெளித்துணியைக் கழற்றாமல் லைனிங்கை முழுதாக மாற்ற முடியாது. கழற்றிய வெளித்துணியின் விளிம்பு, பழைய ஸ்டேப்பிள் துளைகளோடு, திரும்ப அதே இறுக்கத்தில் உட்காரும் என்று உறுதி சொல்ல முடியாது. வெளித்துணிக்கும் வயதாகி, மடிப்பில் நூல் தெரிய ஆரம்பித்திருந்தால் இரண்டையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் உழைப்பு பெரும்பாலும் ஒன்றே; தனித்தனியாகச் செய்தால் அதே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

குஷன் கடைக்காரரிடம் "லைனிங் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் "போடலாம் சார்" என்றுதான் சொல்வார்கள். "கூரையைக் கழற்றாம உள்ளேருந்தே ஒட்டுவீங்களா, இல்ல சட்டத்துல தைச்சு மாட்டுவீங்களாண்ணே?" என்று கேளுங்கள். முழுக்க ஒட்டிவிடலாம் என்ற பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். எத்தனை மி.மீ. ஃபோம், விளிம்புக்கு என்ன பசை, மெத்தையும் நாடாப் பட்டையும் பார்ப்பாரா என்ற மூன்றையும் கேட்டு, கூரையை அவர் கையால் ஒருமுறை திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். கீல் பக்கம் துணி எப்படி உள்ளே போகிறது என்று குனிந்து பார்க்கிறவரிடம் நம்பிக் கொடுக்கலாம்.

வீட்டிலேயே செய்தாலும் கடையில் செய்தாலும் ஒட்டி முடித்தபின் கூரையை மூடித் தாழிட்டு 48 மணி நேரம் திறக்காதீர்கள். முதல் நாள் வெயிலில் நிறுத்த வேண்டாம், ஜன்னல்களை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். உள்ளே தேங்கிய கரைப்பான் ஆவி வெளியேற வழி வேண்டும். மூன்றாம் நாள் முதல் முறை திறக்கும்போது பாதியில் நிறுத்தி, இரண்டு பக்கக் கீல்களையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மீதியை மடியுங்கள்.